பத்தாம் பக்கத்தோடு நிறுத்தியவன்

மெர்வின் ஹாப்குட் ஹாலிவுட்டில் இருபத்தாறு வருடம் திரைக்கதை எழுதினான். ஒரு படத்திலும் அவன் பெயர் வந்ததில்லை. அடுத்தவன் கதையில் ஓட்டை அடைப்பதுதான் அவன் வேலை. தயாரிப்பாளர்கள் தோளில் தட்டி வேலை வாங்கிக்கொண்டு, விருந்துகளில் அவனைத் தெரியாததுபோல் நடப்பார்கள். நானும் அதே பிழைப்புதான். நினைத்தாலே குமட்டுகிறது.

கடைசியில் ஒரு நாவலைப் படமாக்க, திரைக்கதையின் முதல் வரைவை எழுதும் வாய்ப்பு அவனுக்கு வந்தது. எந்த நாவல் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே சொன்னால் கைநழுவிப் போகும் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு.

"ஒரே ஒரு தடவ பேரு வந்துட்டா போதும்டா. அப்புறம் ஊருக்குப் போய் பெட்ரோல் பங்க்குல வேல பாத்துக்கூடப் பொழச்சுக்குவேன்," என்றான்.

படத்தில் யார் பெயர் போடுவது என்று தகராறு வந்தால், எங்கள் எழுத்தாளர் சங்கம் தீர்ப்புச் சொல்ல வேறு மூன்று எழுத்தாளர்களுக்கு எல்லா வரைவுகளையும் அனுப்பும். எழுதியவர்கள் பெயர் இருக்காது. முதலில் எழுதியவன் ஏ, அடுத்தவன் பி, கடைசி ஆள் சி என்றுதான் இருக்கும். தீர்ப்புச் சொல்பவர்களும் வெளியே வாய் திறக்கக்கூடாது. அந்தக் கோடையில் அப்படி வரைவுகள் அடங்கிய ஒரு பெட்டி என் வீட்டுக்கு வந்தது.

வரிசைப்படி படிக்க வேண்டும். நான் சோம்பல்பட்டுக் கடைசி வரைவை முதலில் எடுத்தேன். ஓடிப்போன கணவனின் சட்டைகளை ஒருத்தி ஞாயிறுதோறும் இஸ்திரி போடும் காட்சி அதில் இருந்தது. அசந்துபோய், பெருமையெல்லாம் சி-க்கே என்று எழுதினேன். ஏ-யின் நூற்று நாற்பது பக்கத்தில் பத்தைப் புரட்டிவிட்டு, 'ஏ-யின் பங்கு எதுவும் மிஞ்சவில்லை' என்று முடித்தேன். மூவரில் இன்னொருவனும் அப்படியே எழுதியிருக்க வேண்டும். ஏ-யின் பெயர் போனது.

படம் வந்த வாரம் மெர்வின் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். சூப்பைத் தொடவே இல்லை.

"அந்த இஸ்திரி போடுறது எங்கம்மாடா. அப்பன் போனப்புறமும் அவன் சட்டையத் தேச்சு மடிச்சு வப்பா. என் வரைவுல பன்னெண்டாம் பக்கத்துலயே இருக்கு."

என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"எந்த நாயோ படிக்காமலே எழுதிருக்கு," என்றான். "நீ அந்த எடத்துல இருந்திருந்தா கடைசி வரி வரைக்கும் படிச்சிருப்ப. எனக்குத் தெரியும்."

வாய் திறக்கக்கூடாது என்ற விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"படிச்சிருப்பேன்டா," என்றேன்.