அண்ணிக்கு என்ன பிடிக்கும்

எங்கள் ஊர் இந்திய உணவகத்தின் மெனு அட்டையில் பக்கம் பக்கமாகப் பதார்த்தங்கள் உண்டு. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் வதக்கி, வேகவைத்து, அரைத்து ஒரு குழம்பு காய்ச்சி வைத்திருப்பார்கள். அதில் கோழியைப் போட்டால் ஒரு பெயர், பனீரைப் போட்டால் ஒரு பெயர். மேலே பாலாடையைப் போட்டுவிட்டால் ராஜா பெயர். மிளகாய்த்தூளைக் கொட்டினால் எரிமலைப் பெயர். இதைச் சொன்னால் கடைக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். வரட்டும். துறைமுகச் சரக்கு ஆபீஸில் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்ச் சாப்பிட்டு உயிர் வளர்த்தவன் நான்; கல்யாணம் காட்சி என்று எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கடையைக் குறை சொல்ல என்னைவிட உரிமையுள்ளவன் யார்?

குளிர் தேசங்களில் ஓய்வு பெற்றவர்கள் வெயிலுக்காக வந்து குடியேறிய கடற்கரை ஊர் இது. சாயங்காலமானால் அரை டிராயரும் சிவந்த மூக்குமாகக் கடைக்குள் வந்து உட்காருவார்கள். விலை குறைவு, தட்டு நிறைய வரும், வேறென்ன வேண்டும்? காரம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வார்கள். கடைக்காரர் மேசை மேசையாகப் போய்ச் சிரித்துப் பேசுவார். அவரை நான் அண்ணன் என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். இது அண்ணியின் கதை.

அண்ணி சமையல் தெரிந்து இங்கே வந்தவர் அல்ல. டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தவர். ஏதாவது ஆபீஸில் வேலை கிடைக்கும் என்ற நினைப்போடுதான் கல்யாணமாகி இந்த ஊரில் வந்து இறங்கினார். அண்ணன் அப்போது ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தார். கடனை உடனை வாங்கிச் சொந்தக் கடை போட்டார்கள். திறந்த வாரத்திலேயே, வரவழைத்த சமையல்காரர் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

"ரெண்டே நாள் சமாளி, வேற ஆளைப் பிடிச்சிடறேன்" என்று அண்ணன் சொன்னார். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் மகன் பிறந்தான், வளர்ந்தான், கப்பலில் வேலைக்கும் போய்விட்டான். அந்த ரெண்டு நாள் மட்டும் முடியவில்லை. இதை அண்ணன் புதிதாக வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நகைச்சுவையாகச் சொல்வார். "இன்னும் ரெண்டு நாள் முடியலை பாருங்க" என்று முடிப்பார். அவர்கள் சிரிப்பார்கள். சமையலறைச் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக ஒரு கை தட்டை நீட்டும். அந்தக் கையைத் தவிர அண்ணியை அவர்கள் பார்த்ததில்லை.

என் மேசை அந்த ஜன்னலை ஒட்டி. அதனால் எனக்கு முகமும் தெரியும். ஆனால் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேன்: "நீங்க எப்ப சாப்பிடுவீங்க அண்ணி?"

பதில் அண்ணனிடமிருந்து வந்தது. "அடுப்படியிலயே இருக்கறவளுக்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்?"

"எனக்கு வாசத்துலயே வயிறு நிறைஞ்சிடும் தம்பி" என்றார் அண்ணி. நான் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சின்னக் கடை வைத்திருந்தார். சூப், வேகவைத்த காய், ரொட்டி, அவ்வளவுதான். அண்ணனுக்கு அந்தக் கடையைக் கண்டாலே இளக்காரம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அது கடையா தம்பி? ஆஸ்பத்திரி" என்பார். திங்கட்கிழமை அண்ணன் கடைக்கு விடுமுறை. அன்று மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் நர்ஸம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மசித்த உருளைக்கிழங்கு, வெள்ளையாக ஒரு சூப், மெத்தென்று ஒரு ரொட்டித் துண்டு. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் பதறிவிட்டார்.

"இதெல்லாம் வேண்டாம். இதை அவ வாயில வைக்க மாட்டா. எங்க சாப்பாடே வேற. நானே கொண்டு வர்றேன், இனிமே இந்தத் தட்டு இங்க வரவே வேண்டாம்."

நர்ஸம்மா இரண்டு தடவை கேட்டார். அண்ணன் பிடித்த பிடியில் நின்றார். தட்டு திரும்பிப் போனது. அண்ணியின் கண் அதன் பின்னாலேயே கதவு வரை போனது. "வீட்டுக்குப் போகணும்னு பார்க்கறா" என்று சொல்லி அண்ணன் அழுதார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணி ஒரு வாரத்துக்கான குழம்பைக் காய்ச்சி, டப்பா டப்பாவாக உறைபெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அண்ணனுக்கு அதுதான் கதி. அவருக்குப் பரிமாறத் தெரியும், பேசத் தெரியும். அடுப்புக்கு அவர் விருந்தாளி. டப்பாவைச் சூடாக்கி, அதில் எதையாவது போட்டு, வாடிக்கையாளர்களுக்குப் பாதியும் அண்ணிக்குப் பாதியுமாகப் பங்கு வைத்தார். சோற்றைக் குழைய வடித்து, காரத்தைக் குறைத்து, பிசைந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

முதலில் பருப்பு. அண்ணி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வேளை பனீர். இல்லை. கீரை, கோழி, பட்டாணி என்று மெனு அட்டையை மேலிருந்து கீழாகத் தேய்த்தார் மனிதர். கரண்டி பக்கத்தில் வந்ததுமே அண்ணி உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தண்ணீர் கொடுத்தால் குடித்தார். வேறு எதுவும் இறங்கவில்லை.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு, பரிசோதனை பண்ணியாச்சு" என்றார் டாக்டர். "முழுங்க முடியும். அவங்கதான் மாட்டேங்கறாங்க. கையில ஏறுற இந்தத் தண்ணியை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டறது? உடம்பு தாங்காது. இப்படியே போனா மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் கொடுக்கணும்."

அண்ணனின் அப்பா மூக்கில் குழாயோடுதான் போனார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மனிதர் வெளிறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் கெஞ்சியதை என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

"இங்க பாரும்மா, ஒரு வாய். ஒரே ஒரு வாய். உன் கைக்குழம்புதான், நான் ஒண்ணும் கெடுக்கலை. எனக்காக வேண்டாம், பையனுக்காகவாவது சாப்பிடு."

அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய் ஆளே பாதியாகிவிட்டார்.

நடுக்கடலில் இருந்த மகன் எப்படியோ தொடர்பு பிடித்துப் பேசினான். அண்ணன் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாவுக்கு என்னடா பிடிக்கும்?"

"நான் எது கேட்டாலும் செஞ்சு குடுப்பாங்கப்பா. அவங்க எதுவும் கேட்டு எனக்கு ஞாபகம் இல்லையே" என்றான். அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டு நடைபாதையில் போய் நின்றார். நான் போனதும் என்னையும் அதையே கேட்டார்.

"தம்பி, நீ ஜன்னல் பக்கத்துலயே உக்கார்ந்திருந்தவன். அவளுக்கு என்ன பிடிக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புருஷன் நீங்க. வந்து தின்னுட்டுப் போறவனைக் கேக்கறீங்களே, வெக்கமா இல்லை?" என்று கத்திவிட்டேன். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"அவ சமைச்சுப் பார்த்திருக்கேன். சாப்பிட்டுப் பார்த்ததில்லை" என்றார். "அவ செத்துடணும்னு முடிவு பண்ணிட்டா தம்பி. அந்த ரெண்டு நாளுக்கு இப்ப கணக்குத் தீர்க்கறா."

வியாழக்கிழமை உறைபெட்டியில் ஒரே ஒரு டப்பா மிச்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அண்ணன் கடையை மூடினார். திங்கட்கிழமை தவிர வேறு நாளில் அந்தக் கதவு மூடி நான் பார்த்ததில்லை. அந்தக் கடைசி டப்பாவை முழுக்க அண்ணிக்கென்றே வைத்து, நெய் ஊற்றி, கிளறிக் கிளறி, பக்கத்தில் நின்ற என்னை ருசி பார்க்கச் சொல்லி, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனார். கோயிலுக்குப் போகிறவர் போல நடந்தார்.

மூடியைத் திறந்ததும் அந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அண்ணன் கரண்டியை உதட்டில் வைத்து லேசாக அழுத்தினார். அண்ணியின் இடது கை எழுந்து பாத்திரத்தைத் தள்ளியது. வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் குழம்பு. அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில குழாய் போட்டுடலாம், இனிமே தள்ளிப்போட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு மாற்றுச் சட்டை எடுத்துவர நான் கடைக்குப் போனேன். மாடியில்தான் அவர்கள் வீடு. கதவைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர்க்கடைப் பெண்மணி சாலையைத் தாண்டி வேகமாக வந்தார். அவர்கள் பாஷை எனக்கு அரைகுறைதான், ஆனாலும் புரிந்தது.

"இன்னைக்கு ஏன் மூடியிருக்கு? அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு? போன திங்கட்கிழமை வரலையே. மேசையை யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தேன்."

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

"உங்க கடை அம்மாதான். திங்கட்கிழமை மத்தியானம் தவறாம வருவாங்க. ஜன்னல் பக்கம் தனியா உக்காருவாங்க. உருளைக்கிழங்கு சூப், ஒரு ரொட்டி. கடலைப் பார்த்துக்கிட்டு ரொம்ப மெதுவா சாப்பிடுவாங்க. நாங்க எல்லாம் பேச்சுக் கொடுக்க மாட்டோம், அவங்களுக்கு அது பிடிக்காது."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒருதடவை கேட்டேன், உங்க ஊர்க்காரங்களுக்கு இது சப்புன்னு இருக்குமேன்னு. 'இதுல வெங்காயம் வதக்கின வாசமில்லை, இதை நான் சமைக்கவும் இல்லை'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் போன அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. அண்ணியின் கண் கதவு வரை போனதும் ஞாபகம் வந்தது. பசியோடு கிடந்த மனுஷியிடமிருந்து நாங்களே சாப்பாட்டைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறோம். அதோடு விடாமல், எந்த வாசத்திலிருந்து வாரத்தில் ஒரு வேளை தப்பித்து ஓடினாரோ, அதையே வேளை தவறாமல் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறோம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்மணி உள்ளே ஓடி, மூடி போட்ட பாத்திரத்தில் சூடாகச் சூப்பை ஊற்றிக்கொண்டு வந்தார். சட்டையை மறந்துவிட்டு நான் ஓடினேன்.

அண்ணன் பனியனோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைத் திறந்து பார்த்ததும் முகம் சுளித்தார். "இதையா? அந்த நோயாளிச் சாப்பாட்டையா?"

திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "திங்கட்கிழமை நான் தூங்கிட்டிருப்பேனே" என்றார்.

"ஆமா அண்ணே. அதனாலதான்."

அவர் எழுந்து பாத்திரத்தோடு உள்ளே போனார். நானும் போனேன். சூப்பின் ஆவி பட்டதும் அண்ணி முகத்தைச் சுவரிலிருந்து திருப்பினார். கண் பாத்திரத்தின் மேலேயே நின்றது. அண்ணன் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். அண்ணியின் உதடு துடித்தது. ஆனால் திறக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மறுபடியும் அண்ணனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

எனக்கு விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவர் அண்ணியைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"நான் வெளிய போகணுமா?" என்று கேட்டார்.

அண்ணி கண்ணை மூடித் திறந்தார்.

அண்ணன் கட்டிலருகே நின்ற நர்ஸம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி கேட்டது. அண்ணன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை ஆட்டினார். நர்ஸம்மா காலிப் பாத்திரத்தோடு வெளியே வந்து, "இன்னும் இருக்கான்னு பார்த்தாங்க" என்றார்.

"சாப்பிட்டா தம்பி" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் இல்லைன்னா சாப்பிடறா."

குழாய் போடவில்லை. கடை இன்னும் மூடித்தான் கிடக்கிறது. நான் வேறெங்கெங்கோ சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறேன். அண்ணன் வேளை தவறாமல் எதிர்க்கடைக்குப் போய்ச் சூப் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அதை வாசலிலேயே நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். கதவு அசையும்போதெல்லாம், உள்ளே கூப்பிடுகிறார்களோ என்று பாதி எழுந்து நிற்கிறார். நர்ஸம்மா காலிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.