டர்பைனுக்குச் சுருதி சேர்த்தவர்

ஹற்றன் பஸ் நிலையத்தில் மஸ்கெலியா பஸ் கண்டக்டர்தான் சொன்னார்: “ஒங்க டீமேக்கர் போயிட்டாருங்களாம்.” சாவுச் சேதி கேட்டதும் நான் செய்த முதல் காரியம், என் நாடியைப் பிடித்துப் பார்த்ததுதான். தொழிற்சாலையில் தேயிலை பதமாக்கும் பொறுப்பிலிருந்த டீமேக்கர் வேலாயுதத்துக்கும் எனக்கும் ஒரே வயது. அவரோடு அங்கே வேலை பார்த்த நீங்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டீர்கள். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரான நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குப் பழைய செய்தி.

மிருதங்கம் என்றால் அவருக்கு உயிர். சென்னையில் பதிவான ஒரே தனி ஆவர்த்தனம் இரண்டு உருவில் வெளிவந்திருந்தது. என்னிடம் இசைத்தட்டு, அவரிடம் டேப் சுருள். எது உசத்தி என்று ஒரு கோடை முழுக்கச் சண்டை. டேப்பில் இடந்தலையின் கும்காரம் நெஞ்சுக்குள் இறங்கும். வித்துவான் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். தட்டில் வலந்தலை சுளீரென்று விழும். ஆனால் முத்தாய்ப்புக்கு முன்னால் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். “தாலி கட்டுறப்ப ஐயரு வெத்தல போடப் போன மாதிரி” என்பார்.

ஒன்றுதான் அவரை உறுத்தியது. டேப்பில் காலம் மந்தம், சுருதியும் இறக்கம். என் மெஷின் பெட்டரியில் ஓடுவது. அவருடையது தோட்டத்துக் கரண்டில். அந்தக் கரண்டோ, ஆற்றுத் தண்ணீரில் சுழலும் தொழிற்சாலை டர்பைன் தருவது. தண்ணீர் குறைந்தால் டர்பைன் சோம்பும், டேப்பும் கூடவே சோம்பும். “வித்துவான் தூங்கலீங்க கிளாக்கரு, நம்ம ஆறுதான் தூங்குது” என்று கண்டுபிடித்தார்.

தொழிற்சாலை ஓடாத ஒரு ஞாயிறு மதியம், அவர் போய் டர்பைன் வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டு வந்தார். அவர் வீட்டில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டோம். இரண்டு மிருதங்கமும் ஒரே ஆளாக நடந்தன. தொடை சிவக்கத் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் தோட்டத்து மேனேஜர் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

துரை பங்களாவுக்கும் அதே கரண்டுதான் என்பதை இருவருமே மறந்திருந்தோம். அங்கே ரேடியோகிராமில் சுழன்ற தட்டில் பாடிக்கொண்டிருந்த சீமைப் பாட்டுக்காரி, திடீரென்று கீச்சுக் குரலில் ஓட ஆரம்பித்திருக்கிறாள்.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் அன்றே போகும். உள்ளறையில் வேலாயுதத்தின் மகள் நிறைமாதமாகப் படுத்திருந்தாள். கேட்காமல் தொழிற்சாலை மெஷினைத் தொட்ட ஒருவரை இதே துரை குடும்பத்தோடு லொறியில் ஏற்றி அனுப்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன்; வயிறு இடம் கொடுக்கவில்லை.

“டீமேக்கர், யாரு மெஷின் தொட்டான்?” என்றார் துரை, தன் தமிழில்.

“நான்தானுங்க தொரை. மத்தளம் இழுத்துச்சு. தண்ணிய கூட்டுனேன்.”

துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. உடனே போய்க் குறைக்கச் சொன்னார். வேலாயுதம் போய்விட்டார். துரையும் நானும் இரண்டு மெஷின்களும் மிச்சம். உள்ளே மகள் முனகினாள். லொறியில் போகும்போதே பிள்ளை பிறந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் டேப் பின்தங்க ஆரம்பித்தது. தட்டு தன்பாட்டில் போக, டேப் மிருதங்கம் ஏற்றத்தில் என்னைப் போல மூச்சு வாங்கியது. துரை குனிந்து சுருளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீசைக்கடியில் லேசாகச் சிரிப்பு அசைந்தது.

“சண்டே மட்டும். எனக்குச் சொல்லிட்டுத் தொடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வேலாயுதத்தின் பேரன் அந்த வீட்டில்தான் பிறந்தான்.

திரும்பி வந்த வேலாயுதத்திடம், பயமாகவே இல்லையா என்று கேட்டேன். டேப்பை அணைத்தார். “பயந்தானுங்க. இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா பொய் சொல்லியிருப்பேங்க. அதான் சீக்கிரமா சொல்லிட்டேன்.”

அந்த அவசரத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஆபீசில் துரை ‘யாரு?’ என்று கேட்கும்போதெல்லாம், பொய் தோன்றுவதற்கு முன் வாயைத் திறந்துவிடுகிறேன். இதுவரை இருமல்தான் வந்திருக்கிறது.