வளைந்த செவுள்கள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு அதன் செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருப்பதைக் கண்டேன்.

ஆக்சலோட்டல் நீருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும் பிராணி. பல்லிக்குக் குழந்தை முகம் வைத்தது போலிருக்கும். தலையின் இரு பக்கமும் மும்மூன்று இறகுச் செவுள்கள். மகள் படிக்க ஓகூஸ் நகரத்துக்குப் போனபோது, மாணவர் விடுதியில் பிராணிகளுக்கு அனுமதியில்லை என்று தொட்டியை என்னிடம் விட்டுப்போனாள். அதன் பிறகு டென்மார்க்கின் பிராண்டே ஊரில், இந்த வீட்டில் நானும் அதுவும்தான்.

ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு மகள் அழைப்பாள்.

“சாப்பிட்டதோ?”

“ஓம், ரெண்டு புழு.”

“வால்?”

“நேராத்தான் இருக்கு.”

அதற்குப் பிறகுதான் நான் அவளைப் பற்றி ஏதாவது கேட்பேன். சில நாட்களில் பத்து நிமிடம்கூடக் கதைப்பாள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒருவர் சாப்பிட மறுத்தால் முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்திருந்தால் போர்வை, அறைக்குச் சூடு. புதன்கிழமை நான் புழுவை வாயருகே கொண்டுபோயும் ஆக்சலோட்டல் தொடவில்லை. தொட்டியின் கண்ணாடியில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. கைக்குப் பழகியதையே செய்தேன்: பக்கத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகை நாலுக்குத் திருப்பினேன். வியாழனும் சாப்பிடவில்லை. ஐந்துக்குத் திருப்பினேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று மாலைகளும் மகளிடம் “ஓம், சாப்பிட்டது” என்றேன். சுகமில்லை என்றால் தொட்டியை யாராவது சிநேகிதியிடம் கொண்டுபோய் விடுவாள். பிறகு ஆறு மணிக்கு என்னிடம் கேட்க அவளுக்கு என்ன இருக்கும்? இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை செவுள்கள் மட்டுமல்ல, வால் நுனியும் கொக்கி போல மடிந்திருந்தது. ஒரு செவுளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை. அப்போதுதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். பதினெட்டைத் தாண்டக்கூடாது என்று மகள் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருந்தாள். காட்டியது இருபத்துநாலு.

பக்கத்து மிருக வைத்தியரிடம் நாய், பூனை மட்டுந்தானாம். அவர்கள் தந்த இன்னொரு மிருக வைத்தியசாலை இலக்கத்தில் ஒரு பெண் டேனிஷில் கேட்டாள்: எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? மூன்று நாள் என்றேன். முன்பின் தெரியாதவளிடம் உண்மை எவ்வளவு இலேசாக வந்தது! வேறொரு பெரிய பாத்திரத்தில் தனியாக விடுங்கள், சூட்டை மெல்ல மெல்லக் குறையுங்கள், ஐஸ் போடவேண்டாம், தினமும் தண்ணீரை முழுதாக மாற்றுங்கள், திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றாள்.

வீட்டில் அவ்வளவு பெரிதாக இருந்தது, கோவிலுக்கு வடை கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுதான். சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரால் பலமுறை கழுவி, ஆறவிட்டு, சூடு சட்டென்று மாறாதிருக்க முதலில் தொட்டித் தண்ணீரோடே அதை உள்ளே விட்டேன். பிறகு மகளை அழைத்தேன்.

“என்னம்மா, இப்ப நாலு மணிதானே?”

“அது சாப்பிடேல்லை.”

“இண்டைக்கோ?”

“புதன்கிழமையில இருந்து.”

வருகிறேன் என்று டேனிஷில் ஒரே சொல்லாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடைக்கிடை ஒரு கோப்பை சூடான தண்ணீரை எடுத்து, ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். அது அசையவில்லை. ஆறு மணி வந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. அவள் ரயிலில் இருக்கிறாள் என்று தெரிந்தும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னர் மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து முழங்காலிட்டாள்.

“ஐயோ, வடைப் பெட்டிக்குள்ளயோ விட்டிருக்கிறியள்?”

“நல்லாக் கழுவினனான்.”

விரலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். ஒரு செவுள் மட்டும் மெல்லப் பின்னுக்குச் சிலிர்த்தது.

“பிழைக்குமோ?”

“தெரியாது, அம்மா. ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?”

சொன்னேன். ரேடியேட்டர், பொய், ஆறு மணி, எல்லாவற்றையும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்தான்.

“உங்களுக்கென்ன விசரே? நான் இவ்வளவு நாளும் இதோடை கதைக்கவோ போன் எடுத்தனான்?”