மங்கை அக்காவும் அடிக்கடி நின்றுபோன காரும்

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றுவதற்காகக் கராஜில் காத்திருந்தபோது மங்கை அக்காவின் மகன் ரமணன் அழைத்தான். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கார் உயரத்தில் தூக்கப்பட்டு நின்றது. அதை இறக்கித் தரும்வரை எங்கும் போக வழியில்லை. கோப்பிக் குவளையைக் கையில் வைத்தபடி அங்கேயே இருந்தேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இந்த வயதில் செத்தவீட்டுக்குப் போவதும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.

மங்கையர்க்கரசி அக்காவை உங்களில் பலர் புரோசார்ட்டில், மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்த காலத்தில்தான் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது அதற்கு முந்திய மங்கை அக்காவை. அப்போது அவர் செயின்ட்-மிஷேலில் ஒரு மாடிவீட்டில் மகனோடு தனியே இருந்தார். கடும் சிவப்பு நிறத்தில் வள்ளம்போல நீண்ட பழைய அமெரிக்கக் கார் ஒன்றை ஓட்டித் திரிந்தார். அதை வாங்கியவர் அவருடைய கணவர். திருகோணமலையில் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத மனிதர், இங்கே வந்ததும் அகலமான கார்தான் வேண்டும் என்று நின்றாராம். பிறகு ரொறொன்ரோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனவர், திரும்பி வரவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார். "கார் அவ்வளவு தூரம் ஓடாது எண்டு பஸ்ஸில போனவர். அதால எனக்குக் கார் மிஞ்சினது." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

நாங்கள் என்றால், நகருக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்தில் பூங்கன்று வளர்க்கும் பண்ணையொன்றில் வேலைசெய்த நாலு பெண்கள். பஸ் மாறி மாறிப் போனால் காலைப் பொழுதில் பாதி வழியிலேயே போய்விடும். அக்கா எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அது கார் என்று சொல்லத்தான் கார். குளிர் கூடினால் கிளம்பாது. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும் என்பதால், அக்கா ஒரு காலைப் பிரேக்கிலும் மறுகாலை அக்சிலரேட்டரிலும் வைத்து அதை உறுமவிட்டபடியே நிற்பார். பின்கதவு ஒன்றை வெளியிலிருந்துதான் திறக்கலாம். பனியில் இறங்கித் தள்ளாத வாரம் குறைவு. பிந்திப் போய் நிற்கும்போது மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கமாட்டார், எங்கள் சப்பாத்துகளைப் பார்ப்பார். நனைந்திருந்தால் அவருக்கே காரணம் தெரியும்.

என் அகதி விசாரணை நடந்த நாளை இங்கே எழுதத்தான் வேண்டும். கணவரும் கைக்குழந்தையும் வவுனியாவில் இருந்தார்கள். என் வழக்கு வென்றால்தான் அவர்களை இங்கே எடுக்கலாம். நான் மெட்ரோவில் போகிறேன் என்றதற்கு, அன்றைக்கு என்னைத் தனியே விடமாட்டேன் என்று அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மெட்ரோபொலிட்டன் மேம்பாலத்தில், ஒரு வளைவு தாண்டியதும், கார் நின்றது. பற்றறியும் செத்துப்போனது. பின்விளக்குகூட எரியவில்லை. அப்போது எங்களிடம் கைத்தொலைபேசி இல்லை. ஜனவரி மாதம். வளைவால் வருகிற வண்டிகள் கடைசி நொடியில்தான் எங்களைக் கண்டு விலகிப் போயின.

அக்கா இறங்கிப்போய், ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் வீசினார். பேக்கரிப் பாண் ஏற்றும் வான் ஒன்று நின்றது. தனக்குத் தெரிந்த வேலைத்தலத்துப் பிரெஞ்சில் சாரதியிடம் என்னவோ சொன்னார். வானில் ஒருவருக்குத்தான் இடம். நான் தயங்கினேன். அக்காவைத் தெருவில் விட்டுவிட்டுப் போவதெப்படி என்றேன்.

"இப்பிடியே விட்டிட்டுப் போனா ஆரும் வந்து இடிச்சுச் சாவினம். நான் நிக்கத்தான் வேணும்" என்றார். "நீயும் நிண்டா உன்ர மனிசனும் பிள்ளையும் அங்கேயே நிண்டிடுவினம். ஏறு."

நான் பிந்தித்தான் போனேன். அதிகாரிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். விசாரணை பின்னேரம்வரை போனது. முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு ஓடினேன். கால்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பொலிஸ் வரும்வரை காருக்குப் பின்னால் நின்று வண்டிகளுக்குக் கைகாட்டியிருக்கிறார். வலது கால் விரல்கள் குளிரில் விறைத்து நிறம் மாறியிருந்தன. நான் அவற்றைப் பார்க்க, அவர் "என்ன கேட்டவை?" என்றார். முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைத்துக் கேட்டார். அந்த விரல்களுக்கு உணர்வு பிறகு திரும்பவேயில்லை.

வழக்கு வென்றது. கணவரும் மகளும் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு டாக்சியில்தான் போனோம். அது அக்காவின் கட்டளை.

படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் ரமணன் தாய்க்குச் சின்னதாய் ஒரு புது ஜப்பான் கார் வாங்கிக் கொடுத்தான். முதல்நாள் காலை அக்கா சாவியைத் திருப்ப, அது சத்தமில்லாமல் கிளம்பியது. நிறுத்திவிட்டு மறுபடி திருப்பிப் பார்த்தார். "மனிசருக்கு இதுதான் வேணும்" என்றார். கலியாண வீடுகளில் ஆண்கள் கூடி நின்று அந்தக் காலத்துக் கார் என்றால் இரும்பு, இப்ப வருவதெல்லாம் தகரம் என்று கதைக்கும்போது, "அதைத் தள்ளினவையைக் கேளுங்கோ" என்று சொல்லிக்கொண்டே கடந்து போவார். புதுக் காரில் ஒரு விளக்கு எரிந்தால் அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோவார். நெஞ்சு இறுக்குகிறது என்று தனக்கு வந்தபோது மட்டும், பேந்து பார்ப்பம் என்று மாதக்கணக்கில் விட்டிருக்கிறார்.

பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் கார் வந்தது. எதுவும் வழியில் நிற்பதில்லை. நாங்களும் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நிற்பதில்லை. போன வருடம் நான் அதைச் சொல்லி, அந்தப் பழைய கார் இருந்தபோதுதான் ஒற்றுமையாய் இருந்தோம் என்று பெருமூச்சு விட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்தது.

"உனக்கு விசரே? வேற வழி இல்லாமத்தான் ஒண்டாப் போனனாங்கள். இப்ப வழி இருக்கு. நீ வராட்டி அது காரிட பிழை இல்லை."

அதற்குப் பிறகு இரண்டொரு தடவை போனேன். இன்னும் போயிருக்கலாம்.

சனிக்கிழமை அவரை எரித்துவிட்டுத் திரும்பி வரும்போது, செயின்ட்-மிஷேல் பக்கம் தெருவோரத்தில் ஒரு கார் பழுதாகி நின்றது. பக்கத்தில் ஹெய்ட்டிக்காரப் பெண் ஒருத்தி, என் வயதிருக்கும், கோட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் நோவு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. காரைக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் நிறுத்தி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு இறங்கினேன். போன் செய்துவிட்டேன், கட்டியிழுக்க ஆள் வருகிறது, நீங்கள் போகலாம் என்று சொல்லி, மெர்சி என்று நன்றியும் சொன்னாள். இந்தக் காலத்தில் யாருக்கும் யாரும் நிற்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் மங்கை அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒன்றுதான். பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன். அவள் கொஞ்சம் நகர்ந்து, காற்றுப் படாத பக்கத்தில் எனக்கும் இடம் விட்டாள்.