முதல் உப்பு கட்டிய கார்

எங்கள் காரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பழைய பெட்ரோல் கார், இன்ஜெக்‌ஷன் வண்டி. என் கணவர் அதை வாங்கி வந்த அன்றைக்கே கதவுக்கு அடியில் துரு இருந்தது. "கடலோரத்துல துரு இல்லாத வண்டி ஏது?" என்றார். அதுவும் சரிதான். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. ஜன்னல் கம்பி, கேட், ஃப்ரிட்ஜின் கால், தையல் மெஷின் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. காய்ந்த துணியைத் தொட்டாலும் பிசுபிசுவென்று இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். பழகியதாகச் சொல்ல மாட்டேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலை செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்தில். தினமும் போய்வர முடியாத தூரம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மகள் இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை நான் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பாள். அந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு பள்ளியில் இடம் காலியானது. விழுப்புரத்தில் இடமாறுதல் கலந்தாய்வு. சீனியாரிட்டிப்படி பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் எதிரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயர். அந்த இடத்தைக் கேட்டவர்களில் நான்தான் முதலில் இருந்தேன். போய் நின்றால் போதும்.

முதல் பஸ்ஸிலேயே போய்விடுவதாகத்தான் இருந்தேன். அவர் விடவில்லை.

"பஸ்ல கசங்கிக்கினு போயி நிப்பியா? கார எதுக்கு வச்சிருக்கேன்?"

காலையில் புடவையைச் சுற்றிக்கொண்டு, சான்றிதழ் ஃபைலோடு முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிர்ர் கிர்ர் என்று ஜோராகச் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே.

அந்தக் காரில் சாவியைப் போட்டவுடன் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஙொய் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பெட்ரோலை முன்னால் தள்ளுகிற பம்ப் ஓடுகிற சத்தம். 'கார் கொட்டாவி விடுதும்மா' என்பாள் என் மகள். அவளுக்காகவே நானும் அதைக் கவனித்துப் பழகியிருந்தேன். அன்றைக்கு அந்தக் கொட்டாவி வரவில்லை.

"ஏங்க, அந்தச் சத்தம் வரலியே," என்றேன்.

"நீ கம்முனு இரு. இன்ஜின் சுத்துது பாரு, பேட்டரி நல்லாருக்குது. அஞ்சே நிமிஷம்."

எங்கள் ஊரில் பானெட்டைத் திறந்தால் போதும், பலாச்சுளைக்கு ஈ வருவதுபோல் ஆம்பளைகள் வந்துவிடுவார்கள். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு காலத்தில் வேன் ஓட்டியவர். உதட்டுக்குள் புகையிலையை அதக்கிக்கொண்டு, "தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடும்பா," என்றார். நல்லாச் சுற்றுகிற இன்ஜினை எதற்குத் தள்ளவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தெருக்கோடி வரை தள்ளினார்கள். அப்புறம் தெருக்கோடியிலிருந்து வீட்டுக்குத் தள்ளினார்கள். உப்புப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம் இ.சி.ஆர். ரோட்டில் நான் ஏறியிருக்கவேண்டிய திண்டிவனம் பஸ் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன், வேறென்ன செய்வது?

அடுத்த பஸ்ஸுக்கு நடக்கிறேன் என்றதற்கு, "இதோ ஆயிடுச்சும்மா," என்றார் என் கணவர். பிளக்குகளைக் கழற்றினார்கள். துடைத்தார்கள். கரியும் எண்ணெயுமாக இருந்த ஒரு பிளக்கை எடுத்து என் சான்றிதழ் ஃபைலின் மேல் வைத்தார் வேன்காரர். அந்தக் கறுப்பு வட்டம் இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது.

பிறகு பிளக்குகளை மாட்டிவிட்டு, யாரோ பைக்கிலிருந்து பிடித்துத் தந்த பெட்ரோலை ஒரு பாட்டில் மூடியில் எடுத்து, காற்று போகிற குழாயைக் கழற்றி உள்ளே ஊற்றினார். கார் இருமியது, உறுமியது, உடனே செத்துப்போனது. கூட்டம் கைதட்டாத குறை.

"ஊத்துனா ஓடுது, ஊத்தலன்னா நிக்குது. அப்ப பெட்ரோல் வரலன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"வருது டீச்சரு. தண்ணி கலந்த பெட்ரோலு. பங்க்ல வேலையக் காட்டிட்டானுங்க."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். என் கணவர் டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சினார். குபுக்கென்று வாய் நிறைந்ததை வாசற்படியிலேயே துப்பினார். நான் வாரம் ஒருமுறை வந்து தேய்த்துக் கழுவுகிற வாசற்படி. படித்த மனுஷன், உப்பளத்தில் அத்தனை பேரை வேலை வாங்குகிறவர், சட்டையெல்லாம் பெட்ரோலாக நின்று, "நல்ல பெட்ரோலு மாதிரிதான் இருக்குது," என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பெட்ரோலை ஆளாளுக்கு மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பானெட்டுப் பக்கம் போனேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஃப்யூஸ் பெட்டி. அதன் மூடி உடைந்து எத்தனையோ நாளாகிறது. அதற்கு நேர் மேலே, ஒரு ஒயரில், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. துணி நனைந்து, அதன் நுனியில் ஒரு சொட்டு நின்றது. கீழே பெட்டிக்குள் இருந்த பித்தளையெல்லாம் பச்சையாகப் பூத்து, மேலே வெள்ளையாக உப்புக் கட்டியிருந்தது.

என்னவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. என் கணவர் வீட்டு வழக்கம் அது. வருஷத்தின் முதல் உப்பை வாரியதும் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து நிலைவாசலில் கட்டுவார்கள். கண்ணேறு படாதாம். லாரி வைத்திருக்கிற பங்காளிகள் லாரியிலும் கட்டுவார்கள். ஆனால் இவர் மாதிரி இன்ஜினுக்குள்ளே கொண்டுபோய் யாரும் கட்டியதில்லை. மாசியில் கட்டியிருக்கிறார். கடல்காற்றில் ராத்திரியெல்லாம் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் பம்புக்குக் கரன்ட் போகிற இடத்திலேயே இறங்கியிருக்கிறது. இந்த மனுஷனுக்கு உப்பைக் கட்ட வேறு இடம் கிடைக்கவில்லை.

"யாரு கட்டுனது?" என்றேன், தெரிந்தே.

அவர் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு நம்ம ஊரே கெடைக்கணும்னுதான் கட்டுனேன்," என்றார்.

நான் முடிச்சைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன்.

போன் போட்டு வரவழைத்த மெக்கானிக் அப்போதுதான் வந்து சேர்ந்தான். நான் காட்டிய இடத்தைப் பார்த்தான். "நானும் வந்ததும் அதத்தான் பாக்கலாம்னு இருந்தேங்க," என்றான். ஒரு துண்டு ஒயரை அங்கே பாலம் மாதிரிச் சொருகினான். பின் சீட்டுக்கு அடியில் ஙொய் என்றது. காற்றுக் குழாயை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது. வேன்காரர், "நான் சொல்லல?" என்றார்.

விழுப்புரம் வரை கார் முழுக்கப் பெட்ரோல் நாற்றம். நான் படியேறி ஓடியபோது ஹாலில் வேறு பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. "உங்க பேர எத்தினி தடவ கூப்புட்டோம், எங்கம்மா போனீங்க?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். மரக்காணத்து இடத்தை எனக்கு அடுத்த பெயர்க்காரி எடுத்துவிட்டிருந்தாள். வராண்டாவில் ஆர்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, "கெடைச்சிடுச்சும்மா, கெடைச்சிடுச்சு," என்று போனில் அழுதுகொண்டிருந்தாள். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் என் கணவர். அடுத்த வருஷமாம். அந்த வார்த்தையும், அதைச் சொன்ன வாயும், அதில் இன்னும் அடித்த பெட்ரோல் வாடையும் எனக்கு அருவருப்பாக இருந்தன.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை விடியற்காலையில் என்னைப் பஸ் ஏற்றிவிடக் காரை எடுத்தார். அதற்குள் அந்தப் பெட்டியையே புதிதாக மாற்றியிருந்தார். சாவியைப் போட்டதும் கொட்டாவி வந்தது. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

"கொட்டாவி விட்டுச்சும்மா!" என்று பின் சீட்டில் என் மகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

முன்னால் கண்ணாடியில் புது மஞ்சள் முடிச்சு ஆடிக்கொண்டிருந்தது. "இப்ப உள்ள கட்டிட்டேன். ஒண்ணியும் ஆவாது," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் என் பையை இறக்கப் போனபோது அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். அன்றிரவு போன் செய்தார்.

"கண்ணாடியில இருந்த முடிச்சக் காணோமே, பாத்தியா?"

"ரசத்துல போட்டுட்டேன்."

"அது உனக்காகக் கட்டுனதும்மா," என்றார்.

"அதான் நான் சாப்புட்டேன்," என்றேன். போனைப் பாப்பாவிடம் கொடுங்கள் என்று கேட்டேன். தூங்கிவிட்டாள் என்றார்.