ஆதம் போன கேலிவேன்ட்

அச்சன்புதூர் ஆதமுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது துபாய் குடோன். பாதி ஆயுசு அங்கேதான் சூப்பர்வைசராகக் கழிந்தது. டீ குடிக்கப் போனவர்கள் கொஞ்சம் தாமதித்தாலும் போதும், வயதான வெள்ளைக்கார மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு, "நோ கேலிவேன்டிங்!" என்று கத்துவார். பெரிய குற்றம்போல என்று ஆதமும் நினைத்துக்கொண்டார்.

ஊரோடு வந்த பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை.

ஆனியில் சாரல் விழுந்ததும் மனைவி மிஸ்ரியா ஆசையாகக் கேட்டாள்: "ஏங்க, அருவியில தண்ணி நல்லா விழுதாம். ஒரு எட்டு குத்தாலம் போயிட்டு வருவமா?"

"கேலிவேன்ட் பண்ணவா? வேலையப் பாரு."

"ஆசையாக் கேட்டா கேலி பண்ணுதீங்க." அவள் முகம் சுண்டிப்போயிற்று.

கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கும் மகள் சாஜிதாவுக்குப் பொறுக்கவில்லை. போனில் அகராதியைத் திறந்தாள்.

"வாப்பா, அது பழைய வார்த்தை. சந்தோஷமா ஊர் சுத்துததுன்னு அர்த்தம்."

"அதத்தானே நானும் சொல்லுதேன்!"

"முழுசாக் கேளுங்க. முந்தி அதுக்குப் பொம்பளைகளோட சுத்துததுன்னு அர்த்தமாம். 'கேலன்ட்'ங்கிற சொல்லுல இருந்து வந்திருக்கலாமாம். ஷோக்கா உடுத்திக்கிட்டு, பொம்பளைகள மரியாதையா நடத்துத ஆம்பளையத்தான் கேலன்ட்னு சொல்லுவாங்க. அதுக்கும் வேர் பழைய பிரெஞ்சுல இருக்கு. கொண்டாடுததுன்னு அர்த்தம்."

ஆதமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பொம்பள வாடையே இல்லாத குடோன்ல நாங்க யாரு கூடச் சுத்த?"

"அதுக்கென்ன, இங்கன நான் இருக்கேனே," என்றாள் மிஸ்ரியா.

ஆதம் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெருநாள் சட்டையை மாட்டி, அத்தரும் தடவிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, கெளம்பு."

மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு அவர் சீக்கிரமே வெளியே வந்தார். மிஸ்ரியா வருகிற வழியைக் காணோம். கடைசியில் நடுங்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தவள், "இன்னும் ஒருக்க," என்று மறுபடி ஓடிவிட்டாள். அவர் லீவில் வந்த மாதங்களெல்லாம் வீடு கட்டவும் கல்யாண வீடுகளுக்கு அலையவுமே சரியாகப் போயிருந்தன. அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை.

சூடான பஜ்ஜியை ஊதித் தின்றபடி அவள் மெதுவாகக் கேட்டாள்: "செங்கோட்டை போய் பரோட்டா திம்பமா?"

"செங்கோட்டை என்ன, மலையேறி ஆரியங்காவு வரைக்கும் போவோம். ஏறு."

ஸ்கூட்டர் மேற்கே திரும்பியது. சாரல் முகத்தில் அடித்தது. மிஸ்ரியா அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேகமாப் போங்க," என்றாள்.