அப்பாவின் சாவும் ஓர் ஆங்கில வார்த்தையும்

2003ஆம் ஆண்டு என்று நினைவு. புதுப்பட்டினத்தில் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஓட்டிக்கொண்டிருந்த வேனை முதலாளி விற்றுவிட்டதால் வேலையும் இல்லை. கடைசி நாள் தேர்வில் தேறினால், மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு டிரைவராகச் சிபாரிசு செய்வதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் பேச வேண்டிய வேலை. எனக்கோ தமிழிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்காது.

தேர்வு நாளில் மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை கொடுத்து, அர்த்தமும் உதாரணமும் கேட்டார். எனக்கு வந்தது 'ஸ்பிளாஷ் அவுட்'. தாராளமாகச் செலவு செய்வது. அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். உதாரணத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் தாராளமாகச் செலவு செய்தது ஒரே ஒரு முறைதான்.

"எங்க நைனா சாவுக்கு சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர், "இன்னா அண்ணாத்த, சாவு வூட்ல பார்ட்டியா?" என்றார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஆசைப்பட்டு, சந்தோஷமாச் செலவு பண்றதுக்குத்தான் அதைச் சொல்வாங்க. சாவுக்கு வராது" என்று பேனாவைத் திறந்தார்.

வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தப் பேனா என் வேலையை அடிக்கப் போகிறது.

"இல்ல சார். பேரன் பேத்தி பாத்துட்டு, தூக்கத்துலயே போனாரு. கல்யாண சாவு. மோளம் வெச்சோம், பூப்பல்லக்கு கட்டினோம், தெரு பூரா வெடி. எங்க அக்கா அழுதுகினே ஆடிச்சு. யாரும் மூஞ்சத் தூக்கிகினு செலவு பண்ல சார். ஆசப்பட்டுத்தான் பண்ணோம்."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் என்னையே பார்த்தார். "சரி. இதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"ஓல்டு..." என்று தொடங்கித் தடுமாறினேன். "உடாத அண்ணாத்த, சொல்லு" என்றார் அதே ஆட்டோக்காரர், மெதுவாக.

"ஓல்டு மேன் சார். குட் லைஃப். ஃப்ளவர், டிரம், டான்ஸ்... வீ ஸ்பிளாஷ்டு அவுட்."

பேனா தாளில் இறங்கியது. என்ன எழுதினார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுவாரம் விடுதிக்குப் போகச் சொன்னார்.

இன்றும் மேளமும் ஆட்டமுமாக ஓர் இறுதி ஊர்வலம் எதிரே வந்தால், வண்டியில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் "மேரேஜ்?" என்று கேட்பார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்பாவிடமிருந்துதான் தொடங்குவேன். அத்தனை பேர் சிரித்தும் அவரை அனுப்பிவைத்த விதத்தை விட்டுக்கொடுக்காமல் நின்ற அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது.